தண்ணி விழுதா?

சாரல் சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் யாரும் போனில் வணக்கம் சொல்வதில்லை. எடுத்த உடனே எதிர்முனையிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "தண்ணி விழுதா?" என்பதுதான். மதுரையிலிருந்து பேசுகிறவரும் அதைத்தான் கேட்பார். கூப்பிடு தூரத்தில் சுந்தரபாண்டியபுரத்தில் இருக்கிற சம்பந்தகாரரும் அதைத்தான் கேட்பார். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. விழவில்லை என்றால் சுகம்கூட விசாரிக்காமல் வைத்துவிடுகிறவர்களும் உண்டு.

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான். "விழுது, வாங்க." நான் லாட்ஜ் வைத்திருப்பவன். மாமா நடத்திய லாட்ஜ், அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. இந்தப் பதிலும் அதோடு சேர்ந்து வந்ததுதான். ரூம் விடுகிறவன், பரோட்டா போடுகிறவன், எண்ணெய் தேய்த்துவிடுகிறவன், ஆட்டோக்காரன், மங்குஸ்தான் பழம் விற்கிறவள் எல்லாரும் இதையே சொல்வோம். கொஞ்சம் விழுந்தால் 'நல்லா விழுது'. நூலாக விழுந்தால் 'விழுது'. ஒன்றுமே இல்லையென்றால் 'நேத்து விழுந்துச்சு, மேகம் நிக்கு, வாங்க'. இதையெல்லாம் பொய் என்று நாங்கள் நினைத்ததில்லை. விவசாயி விதைப்பதுபோல நாங்கள் ஒரு நம்பிக்கையில் சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஊரில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி பதில் சொல்வாள். மெயின் அருவிக்குப் போகிற பாதை வளைகிற இடத்தில், என் லாட்ஜுக்கு நேர் எதிரே, துண்டுக்கடை வைத்திருந்தாள். தூரத்து உறவில் எனக்கு அண்ணன் பெண்டாட்டி, ஆகவே மதினி. அண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் கேரளாவில் கிடப்பார். கடை முழுக்க முழுக்க அவளுடைய ராஜ்ஜியம். பெயரை எழுதமாட்டேன். இப்போது மகள் வீட்டோடு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டாள் என்றாலும், எழுதினது தெரிந்தால் பஸ் ஏறி வந்து என்னை ஏசிவிட்டுப் போகக்கூடியவள்.

அவளுக்குப் போன் வரும். "தண்ணி விழுதா அக்கா?"

"இருங்க" என்பாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பி அருவியைப் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். ஒரு நிமிடம் முன்னால்தான் வேறொருவருக்காகத் திரும்பிப் பார்த்திருப்பாள். அதற்குள் அருவி எங்கே ஓடிப்போய்விடும் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

"இப்பதான மதினி பாத்திய?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது அவியளுக்குப் பாத்தது. இது இவியளுக்கு" என்றாள்.

பதிலும் வெறும் ஆமாம், இல்லை என்று இருக்காது. "ஆம்பளையள் பக்கம் விழுது, பொம்பளையள் பக்கம் பாறையில வழியத்தான் செய்யுது. வீட்டுல உள்ளவங்களக் கூட்டிட்டு வாரதா இருந்தா ஐந்தருவிக்குப் போங்க." வெள்ளம் வந்த அன்றைக்கு வேறு மாதிரி. "தண்ணி அருவி முன்னால உள்ள ஆர்ச்சத் தொடுது. போலீஸ்காரவிய கயிறு கட்டிட்டாவ, குளிக்க விடல. வந்து பாத்துட்டுப் போகலாம். பாக்கதுக்குத் துண்டு வேண்டாம்." துண்டு விற்கிறவள் சொல்கிற பேச்சா இது? எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற எனக்கு வயிறு எரியும். அவள் துண்டு வேண்டாம் என்று சொன்ன அந்த ஆள் என்னிடம் இரண்டு ரூம் எடுத்திருப்பான்.

இவ்வளவு போன் அவளுக்கு எப்படி வந்தது என்றால், அதுவும் அவள் செய்த வேலைதான். துண்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு மஞ்சள் துணிப்பை கொடுப்பாள். பையில் கடைப் பெயர் இருக்காது. பெரிய எழுத்தில் போன் நம்பர், அதற்குக் கீழே 'கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க' என்று ஒரு வரி. அந்தப் பை சங்கரன்கோவில் காய்கறிச் சந்தையிலும் விருதுநகர் ரேஷன் கடையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். வருஷம் முழுக்கப் பையைப் பார்க்கிறவர்கள், ஆனி பிறந்ததும் போனை எடுப்பார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவளை நல்ல மனசுக்காரி, பரோபகாரி என்று நினைத்தால் அவளைத் தெரியவில்லை என்று அர்த்தம். ஒருதடவை கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தபோது குரங்கு அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மனிதர் ஈர ஜட்டியோடு, கையால் முன்னும் பின்னும் மறைத்துக்கொண்டு மதினி கடைக்கு ஓடிவந்தார். ஒரு டவுசர் கேட்டார். அவள் விலை சொன்னாள். பக்கத்தில் தொங்கிய அதே டவுசரை ஐந்து நிமிடம் முன்னால் அதில் பாதி விலைக்கு விற்றதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

"என்னம்மா, டவுசருக்கு இவ்வளவா?" என்றார் அவர்.

"அது டவுசர் வாங்க வாரவனுக்கு உள்ள வெல. உங்களுக்கு இப்ப வேண்டியது மானம். அதுக்கு வெல கூட" என்றாள்.

அவர் டவுசரை வாங்கி மாட்டிக்கொண்டார். மரத்திலிருந்து குரங்கு பையைக் கீழே போட்ட பிறகு பணம் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அத்தோடு போகாமல் இரண்டு துண்டும் வாங்கினார். இரண்டில் சிவப்பை எடுத்து, "இது சாயம் போகுமா?" என்று கேட்டார்.

"போகும். மொத முக்குலயே போகும். உங்க வெள்ள வேட்டியோட சேத்து நனைச்சிராதிய."

விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுவாள், கறாராகப் பேரம் பேசுவாள், ஐம்பது காசு விட்டுக்கொடுக்கமாட்டாள். ஆனால் இருக்கிற ஒன்றை இல்லை என்றோ, இல்லாத ஒன்றை இருக்கிறது என்றோ சொல்லமாட்டாள். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும் என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஒருநாள் கடை காற்று வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டேவிட்டேன்.

"அருவியவா நான் விக்குதேன்? அருவி இனாம், மேல இருந்து விழுது. நான் விக்குதது துண்டு. இதவிட நல்ல துண்டு தென்காசியில பாதி வெலைக்குக் கெடைக்கு. பெறகு என்கிட்ட எதுக்கு வருதான்?"

"எதுக்கு?"

"நான் விழுதுன்னு சொன்ன அன்னைக்கு வந்தா விழும். போன வருசம் விழுந்துச்சு, அதுக்கு முந்துன வருசமும் விழுந்துச்சு. வந்து நல்லாக் குளிச்சிட்டு ஒருத்தன் துண்டு இல்லாமப் போவானா? எனக்கு ஒரு துண்டு தாங்கன்னு என்கிட்டதான் நிப்பான். நீயும்தான் ஒருக்கா சொல்லிப் பாரு."

எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. துண்டுக்குச் சரி, லாட்ஜுக்குச் சரிப்படாது என்று நினைத்தேன். ரூம் எடுக்கிறவன் ஒரு தடவை வந்து முன்பணம் கட்டிவிட்டால் போதும் என்பது மாமா காலத்துக் கணக்கு.

வியாபாரத்தில் என்றில்லை, வீட்டு விஷயத்திலும் மதினி அப்படித்தான். குற்றாலத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு ஆடி மாதத்தில் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். தை மாதம் கல்யாணத்துக்குக்கூட வராதவர்கள், சாரல் அடித்தால் குடும்பத்தோடு வந்து வாரக்கணக்கில் பாய் போட்டுக்கொள்வார்கள். அதனால் எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்களும் சீசனில்தான் வருவார்கள். ஒரு செலவில் இரண்டு வேலை. மதினியின் மகளுக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் கவர்மெண்டு வேலை. ஜாதகம் பொருந்தி, வீட்டில் வடைக்கு உளுந்துகூட நனைத்தாகிவிட்டது. காலையில் பையனின் தாய்மாமன் போன் செய்தார். பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தண்ணி விழுதாம்மா? பிள்ளையள்லாம் டவுசர் எடுத்து வச்சிட்டு நிக்குது."

நான் அந்த நேரம் டீ வாங்கிக்கொண்டு அவள் கடை வாசலில் நின்றேன். அருவி அன்றைக்குச் சுத்தமாக வறண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காலை ஆட்டி, விழுதுன்னு சொல்லுங்க, விழுதுன்னு சொல்லுங்க என்று ஜாடை காட்டினேன்.

"இல்லண்ணாச்சி. சொட்டுத் தண்ணி இல்ல. ஆனா பொண்ணு வீட்டுலதான் இருக்கா, வாங்க" என்றாள்.

அவர்கள் வரவில்லை. பிறகு வருகிறோம் என்றார்கள், வரவேயில்லை. மகள் ஒரு மாதம் தாயோடு பேசவில்லை. எனக்கே மதினிமேல் கோபம். என்ன பெரிய அரிச்சந்திரன் வீட்டு வாரிசா, பெற்ற பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொன்னால் அருவி வந்து கேட்கப்போகிறதா என்று வாய்விட்டே கேட்டேன்.

"தண்ணிக்காகப் பொண்ணு பாக்க வருதவன், தண்ணி வத்துனா பொண்ண விட்டுட்டுப் போயிருவான்லே" என்றாள். சொல்லிவிட்டு, நனைத்த உளுந்தை என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு எங்கள் லாட்ஜில் எல்லாருக்கும் வடை. பிறகு மகளுக்குத் தூத்துக்குடியில் நல்ல இடம் அமைந்தது. ஆனால் அந்த ஒரு மாதம் மதினி தனியாகச் சாப்பிட்டதும், கடையில் வாடிப்போய் உட்கார்ந்திருந்ததும் எனக்குத் தெரியும். உண்மை பேசுகிறவர்களுக்கு வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி, அவள் கடை போன கதை.

எங்கள் வளைவில் இருக்கிற வரிசைக் கடைகளைச் சீசனுக்கு முன்னால் ஏலம் விடுவார்கள். மொத்தமாக ஒருவர் எடுப்பார், அவரிடமிருந்து நாங்கள் கடைகடையாக எடுத்துக்கொள்வோம். ஏலத்தில் ஜெயிக்கிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கூடியிருக்கிற அத்தனை பேரிலும் அந்த வருஷ மழையைப் பற்றி ரொம்ப ஆசைப்பட்டவர்தான். மற்றவர்கள் எல்லாம் இவ்வளவு பெறாது என்று நிறுத்திய இடத்துக்கு மேலே போனவர் அவர் ஒருவர்தானே. கழுத்தில் மாலை விழுந்த அன்றைக்கே அவர் தலையில் ஒரு பாரமும் ஏறிவிடும். மழை சரியாகப் பெய்தால் தப்பித்தார். அந்த வருஷம் எடுத்தவர் கீழப்பாவூர் அண்ணாச்சி. நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் அந்த வருஷம் மழையும் அவரை நினைக்கவில்லை.

ஆனி முழுக்க வெயில். சாரல் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். பாறை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. வளைவில் எல்லாரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சி எல்லாரையும் டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளாவது வண்டி வரணும். போன் வந்தா எல்லாரும் ஒரே வார்த்த. விழுது. வந்தவன் சும்மாவா போவான்? தங்குவான், திங்குவான், நாலு பழம் வாங்குவான். என்னவே, சரிதான?"

நாங்கள் எல்லாரும் சரி என்றோம். நானும்தான் சொன்னேன். எனக்கு எதிர் வரிசை லாட்ஜ்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், தன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற இடத்தில் போனைப் பிடித்துக் காட்டலாம், அருவிச் சத்தம் மாதிரியே கேட்கும் என்று யோசனை சொன்னார். அதைச் செய்தும் காட்டினார். அச்சு அசல் அருவிதான்.

மதினி மட்டும் டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, நீ என்ன சொல்லுத?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"திரும்பிப் பாப்பேன். விழுந்தா விழுதும்பேன்."

"ஊரே ஒண்ணு சொல்லும்போது நீ மட்டும் வேற சொன்னா எப்படிம்மா?"

"ஊரு சொல்லுதத கேக்கணும்னா ஊருக்குப் போன் பண்ணட்டும் அண்ணாச்சி. எனக்குப் பண்ணுதவன் என்னைய நம்பிக் கேக்கான்."

அண்ணாச்சி குரலை உயர்த்தாமலே சொன்னார். "அப்படின்னா அடுத்த சீசனுக்கு இந்த எடம் உனக்கு இல்லம்மா. நான் எடுத்தாலும் சரி, என் மச்சினன் எடுத்தாலும் சரி. எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன்."

வளைவில் அந்த இடம் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் இந்த வார்த்தையின் கனம் புரியும். குளிக்கப் போகிறவனும் குளித்துவிட்டு வருகிறவனும் அந்தக் கடையைத் தொடாமல் திரும்ப முடியாது. அருவியில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவன் கண்ணில் படுகிற முதல் துணி அவள் கடைத் துணிதான். அதை நம்பித்தான் அவள் குடும்பம் ஓடியது. அண்ணன் வேனில் சம்பாதிப்பது வேனுக்கே சரியாகப் போய்விடும்.

மதினி டம்ளரைக் கீழே வைத்தாள். "சரி அண்ணாச்சி" என்றாள். எழுந்து கடைக்குப் போய்விட்டாள். அழவில்லை, கெஞ்சவில்லை, எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வண்டிகள் வந்தன. வேன் வேனாக வந்தன. ரூமெல்லாம் நிரம்பிவிட்டது. அண்ணாச்சி முகத்தில் சிரிப்பு. அது மத்தியானம் வரைக்கும்தான். குளிக்கப் போனவர்கள் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிள்ளைகள் டவுசரோடு நின்று அழுதன. கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மகனுக்காகப் பெரிய வேன் பிடித்து வந்திருந்தது. அந்தப் பையன் என் மேஜைமுன் நின்று ஒன்றும் சத்தம் போடவில்லை. "அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சுதாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். யாரும் பழம் வாங்கவில்லை. பரோட்டா ஆறிப்போனது. ரூமை எடுத்தவர்களும் காலி செய்துவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

அவர்களில் பாதிப் பேர் மதினியிடமும் போன் செய்து கேட்டவர்கள்தான். "நீங்க இல்லைன்னுதான் சொன்னீங்க. ஆனா மத்த எல்லாரும் விழுதுன்னாங்க, சத்தமே கேட்டுச்சு" என்று அவளிடம் போய் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. "பாத்துச் சொன்னத விட்டுட்டுச் சத்தத்தயா கேப்பாவ?" என்றாள்.

அடுத்த வாரமே மழை கொட்டியது. அருவி மூன்று பிரிவாகப் பொங்கி விழுந்தது. நாங்கள் போனைத் தூக்கிக்கொண்டு விழுது, விழுது, சத்தியமா விழுது என்று கத்தினோம். யாரும் நம்பவில்லை. தொட்டித் தண்ணி சத்தமா என்று ஒரு ஆள் என்னைக் கேட்டார், செய்தி அதற்குள் எப்படிப் போனதோ. பிறகு மதினியின் போன் அடிக்க ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் வண்டிகள் வந்தன. வந்தவர்கள் எல்லாரும் என்னிடமே சொன்னார்கள், அக்கா சொன்னாங்க, அதான் வந்தோம் என்று.

இதையெல்லாம் பார்த்த அண்ணாச்சி மனம் மாறி, இடத்தை அவளுக்கே கொடுத்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் கொடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவரும் அவளுக்குக் குறைந்தவரில்லை. ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் வரிசை முழுக்கக் கையைவிட்டுப் போய்விடும் என்பது அவருடைய பயம். அடுத்த சீசனில் வளைவில் வேறொருவர் துண்டு தொங்கவிட்டார்.

மதினி தென்காசிக்குப் போனாள். குற்றாலம் ரோட்டில், வண்டிகள் டீ குடிக்க நிற்கிற ஒரு இடத்தில், சின்னதாக ஒரு கடை பிடித்தாள். அருவிக்கு அங்கிருந்து நாலைந்து மைல். போய்விட்டாள், தொலைந்தாள் என்றுதான் வளைவில் பேசிக்கொண்டார்கள். ஆனால் போன் நம்பர் அவளோடுதானே போனது? மஞ்சள் பை எல்லா ஊரிலும் தொங்கிக்கொண்டுதானே இருந்தது? கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் வழியில் அவள் கடையில் இறங்கி, முகத்தைப் பார்த்து, துண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வளைவில் இறங்குகிறபோது அவர்கள் தோளில் ஏற்கெனவே துண்டு கிடந்தது. புதுக் கடைக்காரர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

ஒரே ஒரு சிக்கல். தென்காசியிலிருந்து திரும்பிப் பார்த்தால் மலைதான் தெரியும், அருவி தெரியாது. முதல் வாரம் அண்ணனை வேனில் அனுப்பிப் பார்த்துவரச் சொன்னாளாம். கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் விடிகாலையில் எனக்குப் போன் வந்தது.

"ஏலே, தண்ணி விழுதா?"

குரல் தெரிந்தது. பழக்கதோஷம், "விழுது மதினி, வாங்க" என்றேன்.

"திரும்பிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. படுக்கையில் கிடந்தேன்.

"மொட்ட மாடிக்குப் போயி ரெண்டு பக்கமும் பாத்துட்டுச் சொல்லு. நான் வைக்கல, காத்திருக்கேன்."

ஏன் என்னிடம் கேட்கிறாள் என்று புரியவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து அவளை நட்டாற்றில் விட்டவன்தானே நானும். பிறகு ஒருநாள் கேட்டேன். "உன் மூஞ்சிக்காகன்னு நெனைக்காத. உன் மாடியில இருந்துதான் ரெண்டு பக்கமும் தெரியும்" என்றாள். அது உண்மையாகத்தான் இருக்கும், அவள் சொன்னதாயிற்றே. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்படியே சீசன்கள் ஓடின. தினமும் விடியும்போது போன். நான் மாடியேறிப் பார்த்துச் சொல்வேன். அதை அவள் ஊருக்குச் சொல்வாள். நடுவில் வாட்ஸ்அப் வந்தது. இனி எல்லாரும் வீடியோவில் பார்த்துக்கொள்வார்கள், இவளை யார் கேட்பார்கள் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள், கொஞ்சம் பயந்தும்போனாள். நடந்தது வேறு. போன வருஷ வெள்ளத்தை இன்றைய அருவி என்று அனுப்புகிறவர்கள் பெருகினார்கள். வீடியோ பார்த்து ஏமாந்தவர்கள் எல்லாரும் அவளுக்கே போன் செய்தார்கள். "அக்கா, இந்த வீடியோ நிசமா?" என்று கேட்பார்கள். நான் மறுபடி மாடியேறுவேன்.

கடைசியாக ஒரு நாளைச் சொல்லி முடிக்கிறேன். அந்த வருஷம் மாடியில் புதிதாக ரூம்கள் கட்டியிருந்தேன். பெயிண்டு வாசனைகூடப் போகவில்லை. ஆடி மாதம், சனிக்கிழமை, ஒரு ரூம்கூடப் போகவில்லை. விடியும்போது போன் வந்தது.

"விழுதாலே?"

மாடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். பாறை நனைந்து கறுத்திருந்தது. ஒரு ஓரத்தில் குழாய்த் தண்ணீர் அளவுக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். புது ரூம்களின் கதவுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. நான் விழுது என்று ஒரு வார்த்தை சொன்னால், அது அவள் வாய்க்குப் போய், அவள் வாயிலிருந்து எத்தனை வீட்டுக்குப் போகும் என்று தெரியும். சாயங்காலத்துக்குள் எல்லாக் கதவும் திறந்துவிடும். கோபப்படுகிறவர்கள் அவளிடம்தான் கோபப்படுவார்கள். அதற்குப் பிறகு அவள் வார்த்தையும் தொட்டித் தண்ணீர்ச் சத்தமும் ஒன்றுதான்.

"இல்ல மதினி" என்றேன். "கோடு மாதிரி விழுது. குளிக்க முடியாது."

"சாரல்?"

"சாரல் நல்லா அடிக்கு. காத்தும் உண்டு."

"கூட்டம்?"

"ஈ காக்கா இல்ல."

"உன் ரூம்பு?"

"அதான் சொல்லுதனே, ஈ காக்கா இல்லன்னு."

"சரி, வையி."

மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. வயதான அப்பா, அம்மா, மகன், மருமகள். தண்ணீர் இல்லையே என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். எனக்கே அது புதுப் பழக்கம்.

"தெரியும் சார், அக்கா சொன்னாங்க" என்றார் மகன். "தண்ணி இல்ல, ஆனா சாரல் அடிக்குது, கூட்டமே இல்ல, பெரியவங்கள வச்சிக்கிட்டு நிம்மதியா நடக்கலாம், ஜன்னலத் தொறந்தா மலை தெரியும்னாங்க. அப்புறம் இன்னைக்கு ரூம் பாதி வாடகைதான்னும் சொன்னாங்க."

"பாதி வாடகையா?"

"ஆமா சார். அதான் கிளம்பி வந்தோம்."

பின்னாலேயே இன்னொரு காரும் வந்து நின்றது. நான் உள்ளே போய்ப் போனை எடுத்தேன்.

"மதினி, பாதி வாடகைன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. பூட்டிக் கெடக்க ரூம்பு சொல்லிச்சு. முழு வாடகைக்கு இன்னைக்கு எவன்லே வருவான்? பாதின்னா வருவான். வந்திருக்கான்லா?"

"நான் குடுக்கமாட்டேன்னா என்ன செய்விய?"

அந்தப் பக்கம் ரோட்டில் ஒரு லாரி போனது.

"அது உன் இஷ்டம்" என்றாள். "நான் சொன்ன அன்னைக்கு விழாமப் போனதில்ல. இன்னைக்கு உன் கையில இருக்கு." வைத்துவிட்டாள்.

கோபமும் பிரியமும் ஒரே நேரத்தில் ஒரே ஆள்மேல் அந்த அளவுக்கு எனக்கு வந்ததில்லை. என் ரூமுக்கு என்னைக் கேட்காமல் விலை வைத்தவள். கோடிக்கணக்கில் கொடுத்தாலும் கிடைக்காத தன் சொல்லை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவள்.

வெளியே வந்தேன். பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சாரலில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். ரொம்ப தூரம் உட்கார்ந்து வந்த களைப்பு தெரிந்தது.

"பாதி வாடகைதானே தம்பி?" என்று அவர் இன்னொரு தரம் கேட்டார்.

"இருங்க" என்றேன். கழுத்தைத் திருப்பி அருவியைப் பார்த்தேன். கோடு அப்படியேதான் இருந்தது. சாவிக் கொத்தை எடுத்தேன்.

"ஆமாங்கய்யா. பாதிதான்."